பேத்திக்கு ஒரு பனையேடு

விஜயதசமிக்குப் பேத்திக்கு ஏடு தொடக்க வேண்டும். கடையில் அச்சடித்த அரிவரி கிடைக்கும்தான். ஆனால் வளவில் ஒன்பது பனை நிற்கும்போது தாளுக்குக் காசு கொடுக்க மனம் வரவில்லை. நீங்களும் செய்வதென்றால் ஒரு மாதம் முன்னரே தொடங்குங்கள்.

காவோலை உதவாது, வளைத்தால் முறியும். வெள்ளைக் குருத்தும் வேண்டாம். குருத்துக்கு அடுத்து விரிந்த இளம் ஓலையைக் கேட்டு வெட்டுவியுங்கள். ஈர்க்கை நீக்கி, ஒன்றரைச் சாண் நீளம், இரண்டு விரல் அகலத்தில் நறுக்கி, மஞ்சள் போட்ட தண்ணீரில் அவியுங்கள். அப்புறம் நிழலில் உலர்த்துங்கள். நான் முதல்முறை அவசரப்பட்டு வெயிலில் பரப்பினேன். பின்னேரம் பார்த்தால் பாய் முழுக்கக் குழல் குழலாகச் சுருண்டு கிடந்தது. உலர்ந்ததைச் சங்கால் தேய்த்து, அம்மிக்கு அடியில் ஒரு கிழமை வையுங்கள். இதைத்தான் ஓலையைப் பாடம் செய்வது என்பார்கள்.

துளையைக் காய்ச்சிய ஊசியால் போடுங்கள். பெரிய சுவடிக்கு இரண்டு துளை: ஒன்றில் கயிறு, மற்றதில் நாராசம் என்னும் கம்பி. பிள்ளையின் ஏட்டுக்கு ஒன்றே போதும்.

எழுத்தாணிக்கு நாலு அங்குல ஆணியொன்றை அரத்தால் ராவினேன். முனை மிகக் கூராக இருந்தால் ஓலை கிழியும். ஓலையை இடது கையில் பிடித்து, அந்தக் கைப் பெருவிரலை ஆணிக்கு முட்டுக் கொடுங்கள். வலது கை அதிகம் நகராது, ஓலைதான் இடப்பக்கம் நகரும். பழைய எழுத்தர்கள் ஆணி வழுக்காமலிருக்கப் பெருவிரல் நகத்தில் பள்ளம் வெட்டி வைத்திருந்தார்களாம். என் நகம் இரண்டாம் வரியிலேயே நொந்துவிட்டது.

‘க்’ எழுதப் புள்ளி குத்தினேன், ஓலை துளைந்தது. அவர்கள் ஏன் புள்ளியே வைக்கவில்லை என்று அப்போதுதான் கைக்கு விளங்கியது. அந்தக் காலத்தில் ‘எ’ குறில் என்பதற்கு மேலே ஒரு புள்ளிதான் அடையாளம். அது போனால் குறிலா நெடிலா என்பதை வாசிப்பவரே ஊகிக்க வேண்டும். இப்படிப்பட்ட ஏடுகளை ஒப்புநோக்கித்தான் நம் சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். நான் பதின்மூன்று எழுத்துக்கே கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

சரி, எழுதி முடித்தாலும் ஓலையில் ஒன்றும் தெளிவாகத் தெரியாது, வெறும் கீறல்தான். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசி, பழந்துணியால் துடையுங்கள். மேலே உள்ள கரி போய்விடும், கீறலுக்குள் போனது நிற்கும். மஞ்சள் ஓலையில் ‘அ’ கறுப்பாக எழும்பி வந்தபோது பேத்தி கையைத் தட்டினாள்.

பழந்துணி என்று சொன்னேன், கவனம். அருகில் கிடந்ததே என்று நான் எடுத்தது என் கோயில் வேட்டி. மனுசி இன்னும் அந்தக் கதையை விடவில்லை.