முந்திப் பழுக்கும் பேரிக்காய் உள்ளே அழுகாமல் பறித்த விதம்

தென் இங்கிலாந்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில், சீமைமாதுளை (குயின்ஸ் எனப்படும், பேரிக்கு உறவான மரம்) வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய 'சித்ரோன் தே கார்ம்' என்னும் பழைய பிரெஞ்சு ரகப் பேரி மரம் ஒன்று நிற்கிறது. பெரும்பாலான பேரிக்காய்கள் செப்டம்பர் வரை காத்திருக்க, இது ஜூலையிலேயே பழுத்துவிடும். ஆனால் தொடக்கத்தில், தோல் பச்சையாகவே இருந்த காயை நறுக்கினால் விதையைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் கூழாகிக் கிடந்தது. பூச்சியோ என்று தேடியும் துளை எதுவும் தென்படவில்லை. பேரிக்காய் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பழுப்பதால், முந்திப் பழுக்கும் ரகங்களை மரத்திலேயே விட்டால், தோல் நிறம் மாறுவதற்குள் நடுப்பகுதி கனிந்து கெட்டுவிடுகிறது.

ஆகவே இப்போது ஜூலை பிறந்ததும் ஒருநாள் விட்டு ஒருநாள், காயை உள்ளங்கையில் ஏந்திக் கிடைமட்டமாகும்வரை மெல்ல உயர்த்திப் பார்த்து, காம்பு கிளையிலிருந்து தானாக விடுபட்டால் மட்டும் பறிக்கிறேன். இழுக்க வேண்டியிருந்தால் விட்டுவிடுகிறேன். எல்லாக் காய்களும் ஒருசேர முற்றுவதில்லை என்பதால் இந்த வேலை சற்றுப் பொறுமையைச் சோதிக்கும். குளிர்கால ரகங்களைப் போல இவற்றை நெடுநாள் குளிரில் வைக்கத் தேவையில்லை. அறை வெப்பத்தில் சில நாட்கள் வைத்திருந்து, காம்படியில் கட்டைவிரலால் அழுத்தும்போது இலேசாகக் குழைந்தால் அன்றே சாப்பிட்டுவிட வேண்டும்.