பாக்டீரியாவைத் தடுக்கும் எலும்புச் சாரம்: அமிலம் போனதா என்று முதலில் பாருங்கள்

எலும்பில் பெரிய இடைவெளி விழுந்தால் செல்களால் தாமாக அதைத் தாண்ட முடியாது. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல, அவை பற்றிப் பரவ நுண்துளைகள் நிறைந்த பஞ்சு ஒன்று வேண்டும். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா அங்கே முந்திக் குடியேறிவிட்டால் உழைப்பெல்லாம் வீண். அதனால்தான் சாரத்திலேயே மருந்தை ஏற்றுகிறோம்.

கரைசல். 99 மி.லி. காய்ச்சி வடித்த நீர், 1 மி.லி. கிளேசியல் (நீர் கலக்காத) அசிட்டிக் அமிலம், 2 கிராம் கைட்டோசன் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பொருள்). இரவு முழுக்கக் காந்தக் கலக்கியில் ஓடட்டும். மறுநாள் எலும்பின் கனிமமான ஹைட்ராக்ஸிஅபடைட் பொடி 2 கிராமைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். நுரை அடங்கியதும் 48 குழித் தட்டில் ஊற்றுங்கள்.

உறைய வைத்தல். பனிப் படிகம் இருந்த இடம்தான் பின்னால் துளையாகிறது. எலும்பு வளரக் குறைந்தது 100 மைக்ரான் துளை வேண்டும், 300-க்கு மேல் இருந்தால் ரத்தக்குழாயும் வளரும் என்று 2005-ல் கரஜியோர்ஜியோ, கப்லன் இருவரும் தொகுத்து எழுதினார்கள். திரவ நைட்ரஜன் சட்டென உறைய வைத்துத் துளையைச் சிறிதாக்கிவிடும். என் தேர்வு மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசர்தான். பிறகு 48 மணி நேரம் ஃப்ரீஸ் டிரையர், அதாவது பனியை உருக்காமலே ஆவியாக்கி உலர்த்தும் கருவி. தட்டை உலர்பனியில் வைத்தே எடுத்துப்போங்கள். ஓரம் உருகினால் அங்கே துளை அமுங்கிவிடும்.

அமிலம் நீக்குதல். கைட்டோசனைக் கரைத்த அமிலம் சாரத்தில் மிஞ்சும், அதைக் காரத்தில் ஊற வைத்து நீக்க வேண்டும். நான் ஒரு மாதம் இழந்தது இங்கேதான். மருந்தில்லாத வெறும் சாரத்தைச் சுற்றியும், பாக்டீரியா வளர்க்கும் அகார் தட்டில், பாக்டீரியா வளராத தெளிவான வளையம் வந்தது. கைட்டோசனே பாக்டீரியாவைக் கொல்கிறது என்று நம்பினேன். ஆனால் நடுநிலை பிஹெச்சில் கைட்டோசன் தன் நேர்மின்னூட்டத்தைப் பெரும்பாலும் இழந்துவிடும். அந்தத் திறனும் குறைந்துவிடும். ஒரு சார வில்லையைப் பிளேடால் இரண்டாக வெட்டி, ஈரமான உட்பக்கத்தைப் பிஹெச் தாளில் ஒற்றினேன். வெளிப்பக்கம் பச்சை காட்டிய தாள் உட்பக்கத்தில் ஆரஞ்சானது. துளைக்குள் சிக்கிய காற்று காரத்தை உள்ளே விடவில்லை. வளையத்தை உண்டாக்கியது மிச்ச அமிலம்.

இப்போது முதலில் தூய எத்தனாலில் ஊற வைக்கிறேன். அது நீரைவிட எளிதாகத் துளைக்குள் இறங்கும். அடுத்து 70 சத எத்தனாலில் கரைத்த 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு. பின்பு நீர் மாற்றி மாற்றிக் கழுவி, ஒன்றை வெட்டி ஒற்றிப் பார்த்த பிறகே மீண்டும் உறைய வைத்து உலர்த்துகிறேன்.

மருந்து. நான் ஏற்றுவது ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக். அது நீரில் கரையும். கரைசலிலேயே சேர்த்தால் கழுவும்போது போய்விடும், அதனால் கடைசியில் சொட்டுவிட்டு மறுபடி உலர்த்துங்கள். வெள்ளியும் பாக்டீரியாவைக் கொல்லும், ஆனால் அதைத் தொடக்கத்தில் தவிர்க்கச் சொல்வேன். அளவு கூடினால் எலும்புச் செல்லையும் கொல்லும். ஜென்டாமைசினுக்கு ஒப்பிட, 10 மைக்ரோகிராம் மருந்து ஏற்றிய காகித வில்லைகள் கடையிலேயே கிடைக்கும்.

சோதனை. இத்தகைய சோதனைக்கான முல்லர் ஹிண்டன் அகாரில் மருந்துள்ள சாரம், வெறும் சாரம், கடை வில்லை மூன்றையும் ஒரே தட்டில் வையுங்கள். பாக்டீரியா வேலையை நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் மட்டும் செய்யுங்கள்.

பின்சேர்க்கை: ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வைத்துச் சாரம் சுருங்கிப் பழுப்பானதாக இருவர் எழுதியிருந்தார்கள். ஆட்டோகிளேவ் வேண்டாம். மருந்து ஏற்றும் முன்பே 70 சத எத்தனாலில் ஊற வைத்து, கிருமி நீக்கிய நீரில் அலசுங்கள். மருந்துக் கரைசலை 0.22 மைக்ரான் வடிகட்டி வழியாகச் செலுத்திச் சொட்டுங்கள்.