உண்ணி இருப்பது சுவரில்: நாய் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்கம்பக்கத்தில் யார் நாய்க்குட்டி வாங்கினாலும் முதல் வாரத்திலேயே எனக்கு ஒரு போன் வந்துவிடும். கேட்கிற கேள்விகளைப் பார்த்தால், ஆரம்பத்தில் நான் அடித்த அதே கூத்துகளை ஒன்றுவிடாமல் அடித்துக்கொண்டிருப்பார்கள். சாக்லேட் கொடுக்காதே, வெந்த கோழி எலும்பைப் போடாதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களே சறுக்குகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

கண் திறந்ததும் தூக்கிக்கொண்டு வருவது

"சின்னதிலேயே வாங்கினால்தான் நம்மிடம் ஒட்டும்" என்று முப்பது நாள் குட்டியைக் கொண்டுவருகிறார்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017இல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளே சொல்கின்றன. கூடப் பிறந்தவற்றோடு உருண்டு புரளும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்தது அலறும் என்று குட்டி கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடம் முடியாமல் வந்த குட்டி உங்கள் கையில்தான் அதைப் படிக்கும். ஆறு மாதம் கழித்து "ரொம்பக் கடிக்கிறான்" என்று சொல்லிப் பயனில்லை.

வெள்ளையைப் பார்த்து மயங்குவது

ராஜபாளையம் வாங்கப் போகிறவர்கள் பால் வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்கும் இருந்தால் போதும் என்று பணத்தை எடுத்துவிடுகிறார்கள். அந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. குட்டி வேறு பக்கம் பார்க்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். காது அசைய வேண்டும். கூட்டமாக இருக்கும்போது பார்த்தால் மற்றவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும். தனியாக வைத்துப் பாருங்கள். செவிட்டு நாயையும் கைச் சைகையால் நன்றாகப் பழக்கலாம். ஆனால் அது தெரிந்தே வாங்கியதாக இருக்கட்டும்.

கூப்பிட்டு அடிப்பது

"வா" என்று கூப்பிட்டு, வந்ததும் அடித்தால் அடுத்த முறை வராது. அவ்வளவுதான்.

நாயைக் குளிப்பாட்டிவிட்டு உண்ணி போய்விட்டது என்று நினைப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காத தவறு இதுதான்.

நம் வீட்டு நாய்களில் ஏறுவது பெரும்பாலும் பழுப்பு உண்ணி. மற்ற உண்ணி இனங்கள் பலவற்றுக்குப் புல்லும் புதரும் வேண்டும். இதற்கு உங்கள் வீடே போதும். முட்டையிலிருந்து பொரித்த குஞ்சு நாயின் மேல் ஏறி ரத்தம் குடிக்கும், கீழே இறங்கித் தோல் உரிக்கும், மறுபடி ஏறும், மறுபடி இறங்கும், வளர்ந்து மூன்றாவது முறையும் ஏறும். ஆமணக்கு விதை மாதிரி உப்பிய பெண் உண்ணி கடைசியாக இறங்கி, சுவர் ஏறி, ஏதாவது ஒரு இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். நிலைச் சட்டத்தின் விரிசல், சுவிட்ச் பெட்டியின் ஓரம், காலண்டருக்குப் பின்புறம், திரைச்சீலை மடிப்பு எல்லாம் அதற்கு வசதியான இடங்கள். ஆக, எந்த நேரத்திலும் உண்ணிக் கூட்டத்தில் பெரும்பகுதி நாயின் மேல் இல்லை. நீங்கள் சோப்புப் போட்டுத் தேய்த்தது மீதியை.

அதனால் நாய்க்கும் வீட்டுக்கும் ஒரே நாளில் மருந்து ஆரம்பிக்க வேண்டும். நாய்க்கு, அதன் எடைக்கு ஏற்றபடி மருத்துவர் தரும் மாத்திரை அல்லது பிடரியில் விடும் சொட்டு மருந்து. வலிப்பு வந்த நாயென்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சில மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாது. வீட்டுக்கு, மருத்துவர் சொல்லும் கரைசலைச் சுவர் இடுக்குகளில் அடிப்பது. முட்டைகள் அடுத்தடுத்துப் பொரித்துக்கொண்டே இருக்கும் என்பதால் ஒரு முறை அடித்தால் தீராது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று சில மாதம் விடாமல் செய்ய வேண்டும். பூனையும் இருக்கிற வீடு என்றால் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து கலந்த எதையும் கொண்டுவராதீர்கள், பூனை செத்துவிடும். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சித் தடவுகிற பாட்டி வைத்தியமும் வேண்டாம். நாய் உடம்பை நக்கும், கற்பூரம் அதற்கு விஷம். மண்ணெண்ணெய் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை என்று நினைத்தேன். போன மாதம்கூட ஒருவர் தடவிவிட்டு வந்து நின்றார்.

இவ்வளவு சொல்லக் காரணம் அரிப்பு இல்லை, உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா என்ற பாக்டீரியா உண்ணியின் கடி வழியாக ரத்தத்தில் இறங்கி வெள்ளையணுக்களில் குடியேறுகிறது, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் சரிகின்றன. வெளியே தெரிவதோ வெறும் சோர்வு. நாய் ஒரு வேளை சாப்பிடாது, மூலையில் படுத்திருக்கும், உடம்பு சுடும். "வெயிலுக்குச் சாப்பிடலை" என்று வீட்டில் முடிவு செய்துவிடுவார்கள்.

தெரிந்த பையன் ஒருவன் வீட்டு லாப்ரடாருக்கு இதுதான் நடந்தது. சாப்பிடவில்லை என்றதும் வீட்டிலிருந்த மனுஷ வலி மாத்திரையை உடைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பாராசிட்டமால் அளவு மீறினால் நாயின் ஈரலையும் சிவப்பணுக்களையும் கெடுக்கும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகள் வயிற்றைப் புண்ணாக்கும். தட்டணு ஏற்கெனவே குறைந்த நாய்க்கு ரத்தக்கசிவைத் தூண்டிவிடும். மூக்கில் ரத்தம் வந்த பிறகுதான் மருத்துவரிடம் ஓடினார்கள். ரத்தம் ஏற்றி ஒருவழியாகப் பிழைத்தது. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை 28 நாள் கொடுக்கச் சொல்லி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் எழுந்து சோறு கேட்டது. இரண்டாவது வாரம் நான் விசாரித்தபோது, "அவன் நல்லா சாப்பிடுறான்க்கா, அப்புறம் எதுக்கு மாத்திரை?" என்றான். திட்டினேன், தலையாட்டினான், மாத்திரை வாங்கவில்லை. வீட்டுச் சுவருக்கு மருந்தும் அடிக்கவில்லை.

சில மாதம் கழித்து அதே நாய் ஈறு வெளுத்து, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகளோடு வந்தது. இந்தக் கட்டத்தில் நோய் எலும்பு மஜ்ஜைவரை போயிருக்கும், புதிய ரத்த அணுக்கள் உற்பத்தியாவதே நின்றுபோகும். காப்பாற்ற முடியவில்லை. முதல் தடவை மிச்சம் பிடித்தது கிட்டத்தட்ட இரண்டு வார மாத்திரைக் காசு. கடைசி வாரத்தில் செலவழித்ததை அவன் அப்பாவிடம் கேட்டால் சொல்வார்.

இதைத் தவிர்ப்பது பெரிய வித்தையில்லை. வாரத்தில் ஒருநாள் காது மடல், விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் என்று தடவிப் பாருங்கள். மேலுதட்டைத் தூக்கி ஈற்றை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் ரத்தப் பரிசோதனைக்குக் கேளுங்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. டாக்ஸிசைக்ளினைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். பாலில் கரைத்துக் கொடுத்தால் சுண்ணாம்புச்சத்து மருந்தை முழுதாக உடம்பில் சேரவிடாது. மருத்துவர் சொன்ன நாள் கணக்கை மருத்துவர்தான் குறைக்க வேண்டும்.

சித்திரை வெயிலில் நடை

சாயங்காலம் நாலு மணிக்கு வேண்டாம். ஏழு மணிக்குப் போங்கள்.

"நம்ம வீட்டு நாய்தானே" என்பது

பல் பட்டு ரத்தம் வந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநாய்க்கடி ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை அங்கே சொல்வார்கள்.

இறந்த பிறகு

இதிலும் தவறுகள் உண்டு, யாரும் பேசுவதில்லை. பிள்ளைகளிடம் "ஓடிப்போய்விட்டது" என்று சொல்வது அதில் ஒன்று. குழந்தை மாதக்கணக்கில் தெருவில் தேடும். செத்துப்போனது என்றே சொல்லுங்கள், அழட்டும். இன்னொன்று, கருணைக்கொலை ஊசி போடும்போது பார்க்க முடியவில்லை என்று வெளியே போய்விடுவது. நாய் கண்ணால் துழாவுவது உங்களைத்தான். முடிந்தவரை உள்ளே நில்லுங்கள். முடியாவிட்டால் அதற்குப் பழக்கமான ஒருவரையாவது நிற்கச் சொல்லுங்கள். "ஒரு நாய்க்காகவா லீவு?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

அப்புறம், துக்கம் தாங்காமல் அடுத்த வாரமே புதுக்குட்டி வாங்குவது. மனசு சம்பந்தப்பட்ட விஷயத்தை நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். சிலருக்கு அது உதவுகிறது. ஆனால் போன நாய் பார்வோ என்ற வைரஸ் நோயில் போயிருந்தால் கண்டிப்பாக நில்லுங்கள். அந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில், சில இடங்களில் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். பினாயில் அதை ஒன்றும் செய்யாது. ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, கழுவிய தரையில் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். தோட்டத்து மண்ணை அப்படிக் கழுவ முடியாது. ஆகவே 16 வாரம் தாண்டி எல்லாத் தடுப்பூசியும் போட்டு முடித்த குட்டியாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள். பழைய நாயின் தட்டும் படுக்கையும் அதற்கு வேண்டாம்.