ஹென்றியை அவசரப்படுத்தாதீர்கள்

'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' கேமைப் போட்டு, இரண்டு மணித்தியாலம் விளையாடிவிட்டு அழித்துவிடும் பொடியன்கள் நம் பக்கம் நிறைய. கல்லடியிலும் சரி, கல்முனையிலும் சரி, கேட்டால் ஒரே பதில்தான்: "சரியான இழுவை மச்சான், ஹீரோவுக்குச் சண்டையே தெரியாது." கேட்கவே கவலையாக இருக்கிறது. அவர்கள் குறை என்று சொல்லும் இடத்தில்தான் இந்தக் கேமின் சிரிப்பு முழுக்க இருக்கிறது.

பிராக் நகரத்து வார்ஹார்ஸ் ஸ்டூடியோஸ் 2018இல் வெளியிட்ட கேம் இது. கதை நடப்பது 1403இல், இன்றைய செக் குடியரசில் உள்ள பொஹீமியாவில். மந்திரமும் இல்லை, டிராகனும் இல்லை. கேமின் ஹீரோ ஹென்றி ஒரு கொல்லனின் மகன். வாள் பிடிக்கத் தெரியாது, வாசிக்கவும் தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இடம்மாறிக் குழம்பிக் கிடக்கும். உஷிட்ஸ் ஊரில் ஓர் எழுத்தரிடம் படித்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொற்கள் தெளியும்.

முதல் தவறு, இதை 'வைஸ் சிட்டி' என்ற அடிதடிக் கேம் போல விளையாடுவது. கண்டவனை அடித்தால் காவலர்கள் வருவார்கள்; தண்டம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் சிறை. திருடிய பொருளைச் சாதாரண வியாபாரிகள் வாங்கவே மாட்டார்கள். சண்டையும் அப்படித்தான். ரட்டாய் ஊரில் கப்டன் பெர்னார்ட் மர வாளோடு பயிற்சி தருவார். அலுப்பென்று அதைத் தாண்டிப் போனவர்கள்தான் அப்புறம் வழிப்பறிக்காரனிடம் அடிவாங்கிவிட்டுக் கேமைத் திட்டுகிறார்கள்.

இரத்தமும் சேறுமாய்ப் பிரபுக்கள் முன்னால் போய் நிற்காதீர்கள். மதிப்புக் குறையும், பேச்சு எடுபடாது. தொட்டியில் முகம் கழுவலாம். உடுப்புத் துவைக்கக் குளியல் விடுதி உண்டு.

பெரிய தவறு உரையாடல்களைத் தாண்டிவிடுவதுதான். உஷிட்ஸில் காட்வின் என்ற பாதிரியாரோடு ஹென்றி இரவு முழுக்கக் குடிப்பான். விடிந்தால் பாதிரியாருக்கு எழும்பிப் பிரசங்கம் செய்ய ஏலாது. கோயில் நிறையச் சனம். மேடையில் ஏறுவது ஹென்றிதான்! என்ன சொல்வதென்று நாமே தெரிவு செய்ய வேண்டும். அந்தக் காலத்தில் பிராக்கைக் கலக்கிய, திருச்சபையைக் கண்டித்த போதகர் யான் ஹுஸின் கருத்துகள் ஒரு கொல்லன் மகனின் வாயில் வருவதைக் கேட்காமல் பட்டனைத் தட்டி ஓட்டினால், பிறகு கேமில் சிரிக்க என்ன இருக்கிறது? ஆங்கிலம் வேகமாகப் போனால் சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். வரவு ஆட்டத்துக்கெல்லாம் தூங்கிவிட்டுச் சண்டைக் கட்டத்துக்கு மட்டும் எழும்புகிறவருக்கு வடமோடிக் கூத்து பிடிபடுமா?

விளையாடிய இடத்தைச் சேமிக்கும் விஷயத்தில் கவனம். கரண்ட் போனால் உழைப்பெல்லாம் போய்விடும். நினைத்த நேரத்தில் சேமிக்க 'சேவியர் ஷ்னாப்ஸ்' என்ற மது வேண்டும். அதிகம் குடித்தால் ஹென்றிக்கு வெறிக்கும். சொந்தக் கட்டிலில் படுத்தெழும்பினாலும் சேமிக்கும். அந்த மதுவைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை, மூலிகை பறித்து நீங்களே காய்ச்சலாம்.

2025 பெப்ரவரியில் வந்த இரண்டாம் பாகத்தை நேரே தொடங்காதீர்கள். அதன் தொடக்கத்தில் ஹென்றியும் இளம் பிரபு ஹான்ஸ் கேபனும் உள்ளதெல்லாம் இழந்து, ஊர் நடுவில் தண்டனைக் கட்டையில் மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் ஏசுவார்கள். முதல் பாகத்தில் அவர்கள் வேட்டைக்குப் போன கதையைப் பார்த்தவருக்குத்தான் அந்த ஏச்சின் ருசி தெரியும்.