வன்னியில் குழாய்க் கிணறு: எங்கே பிழை நேர்கிறது?

மீள்குடியேறிய ஊருக்குள் துளையிடும் லொறியை விடுமுன் கண்ணிவெடி அகற்றிய பகுதியின் வரைபடத்தைக் கையில் எடுங்கள். கிணறு வரும் இடத்தோடு லொறி வரும் பாதையும் திரும்பும் இடமும் அதற்குள் இருக்க வேண்டும். சனம் தினம் நடக்கிற பாதைதானே என்று நம்பக் கூடாது. டாங்கி எதிர்ப்புக் கண்ணி ஆளின் பாரத்துக்கு வெடிக்காது, லொறிக்கு வெடிக்கும்.

மலசலகூடக் குழியிலிருந்து குறைந்தது 30 மீற்றர் தள்ளி, அதற்கு மேட்டுப் பக்கமாக இடம் பாருங்கள். வவுனியாப் பக்கம் அடியில் கருங்கற்பாறை. தண்ணீர் உக்கிய பாறையிலும் அதன் கீழுள்ள வெடிப்புகளிலும்தான் நிற்கும். மேல் மண்ணை 200 மி.மீ. பிட்டால் துளைத்து, கடினப் பாறைக்குள் ஒரு மீற்றராவது போன பின்பே 140 மி.மீ. பீவீசீ கேசிங்கை (துளை இடியாமல் காக்கும் வெளிக்குழாயை) இறக்குங்கள். அதன் பிறகு பாறையைக் குத்தி உடைக்கும் 115 மி.மீ. சுத்தியல் பிட். கேசிங்கை மிச்சம் பிடிக்க உக்கிய பாறையிலேயே நிறுத்தினால் சேறு உள்ளே வடிந்துகொண்டே இருக்கும். பம்பியின் வாஷர் சீக்கிரம் தேயும்.

அதிகம் ஏய்க்கப்படுவது கேசிங்கைச் சுற்றியுள்ள இடைவெளிதான். வெட்டிய மண்ணைத் தள்ளி மூடிவிட்டால் மாரியில் முற்றத்து அழுக்கு நேரே கிணற்றுக்குள் இறங்கும். மேல் 5 மீற்றரைச் சீமெந்துக் குழம்பால் அடையுங்கள்: 50 கிலோ மூட்டைக்கு 25 லீற்றர் தண்ணீர், 2 மூட்டை போதும். மெல்லிய குழாயை அடிவரை விட்டு, கீழிருந்து மேலாக நிரப்ப வேண்டும். ஒரு நாள் அசையாமல் விடுங்கள்.

கம்பிரசர் காற்றால் கிணற்றை ஊதுங்கள். வாளியில் பிடித்த நீரின் அடியில் மணல் படிவது நிற்கும்வரை ஊதுவதை நிறுத்தாதீர்கள். 20 லீற்றர் வாளி 72 செக்கனில் நிறைந்தால் மணிக்கு 1000 லீற்றர். ஆளுக்கு 15 லீற்றர் என்று கணக்கிட்டால் 8 மணி நேரத்தில் 500 பேருக்கு மேல் வரும். குடம் மாற்றும் நேரத்தைக் கழித்து 300 பேருக்கென்றே திட்டமிடுங்கள்.

பம்பி பூட்டுமுன் புளோரைட்டைச் சோதியுங்கள். உலக சுகாதார நிறுவன அளவு லீற்றருக்கு 1.5 மி.கி. அதைத் தாண்டினால் குடிக்கக் கொடுக்காதீர்கள்; கொதிக்கவைத்தாலும் குளோரின் போட்டாலும் அது குறையாது.

கிருமி நீக்கத்துக்கு லீற்றருக்கு 50 மி.கி. குளோரின். 115 மி.மீ. துளையில் மீற்றருக்கு ஏறத்தாழ 10.4 லீற்றர் நீர் நிற்கும். ஆக 40 மீற்றர் நீருக்கு 65 சதவீத குளோரின் தூள் 32 கிராம். வாளியில் கரைத்தே ஊற்றுங்கள். 12 மணி நேரம் கழித்து, மீதக் குளோரின் லீற்றருக்கு 0.5 மி.கி.க்குக் கீழே வரும்வரை இறைத்துக் கொட்டுங்கள்.

இதே முறையை யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே சுண்ணக்கல்லுக்குள் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. ஆழத் துளைத்தால் உவர்தான் ஏறும். பழைய திறந்த கிணற்றைத் துப்புரவாக்குவதே நல்லது, அதிலும் வெடிபொருள் இல்லையென்று உறுதியான பிறகே ஆளை இறக்கலாம்.

இந்தியா மார்க் 2 கைப்பம்பி 45 மீற்றர் வரை தாங்கும். கிணற்றுக்குள் நின்று நீரை மேலே தள்ளும் சிலிண்டரை, இறைக்கும்போது நீர் இறங்கும் மட்டத்துக்கும் 3 மீற்றர் கீழே வையுங்கள். ஊராரிடம் வாஷர்களையும் பம்பியைக் கழற்றிப் பூட்டும் சாவிகளையும் கொடுத்து, இதையும் சொல்லுங்கள்: காலையில் பல தடவை அடித்த பின்பே தண்ணீர் வந்தால் அடி வால்வோ குழாய் இணைப்போ கசிகிறது, நாள் முழுக்கக் குறைவாக வந்தால் வாஷர் தேய்ந்திருக்கிறது.