அலுவலகக் காலண்டர் போனில் சிங்க் ஆகவில்லையா? கணக்கை நீக்கும் முன் பார்க்க வேண்டியவை

அலுவலகக் கணக்கின் மீட்டிங்குகள் போன் காலண்டரில் வராமல் நின்றுவிட்டால், பலரும் முதலில் செய்வது கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பதுதான். அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். சர்வருக்குப் போய்ச் சேராமல் போனிலேயே தங்கிவிட்ட நிகழ்வுகள் கணக்கோடு சேர்ந்து அழிந்துபோகும். தவிர, பல நிறுவனங்களில் கணக்கை மறுபடி சேர்க்க ஐடி பிரிவின் அனுமதி தேவைப்படும். அரைகுறையாக ஓடிக்கொண்டிருந்த இணைப்பும் போய், நாள் முழுக்கக் காலண்டரே இல்லாமல் இருக்க வேண்டியதாகிவிடும்.

முதலில், எங்கே அறுந்திருக்கிறது?

பிரவுசரைத் திறந்து, அலுவலகக் கணக்கில் நேரடியாக நுழையுங்கள். அவுட்லுக் இணையதளமோ கூகுள் காலண்டர் தளமோ, எது உங்களுடையதோ அது. நாளைய தேதியில் 'சோதனை 1' என்று ஒரு நிகழ்வைப் போடுங்கள். போனிலிருந்து 'சோதனை 2' என்று இன்னொன்று. பதினைந்து, இருபது நிமிடம் பொறுத்து இரண்டு பக்கமும் பாருங்கள்.

பிரவுசரிலேயே உள்ளே போக முடியவில்லை என்றால், போனை நோண்டிப் பயனில்லை. கோளாறு கணக்கிலோ சேவையிலோ இருக்கிறது. மைக்ரோசாஃப்ட், கூகுள் இரண்டுக்குமே சேவை நிலையைக் காட்டும் பக்கங்கள் உண்டு, அவற்றைப் பாருங்கள். சோதனை 1 போனுக்கு வந்து, சோதனை 2 மட்டும் பிரவுசருக்கு வரவில்லை என்றால், போனில் போட்ட நிகழ்வு வேறு காலண்டரில் விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். ஐபோனில் காலண்டர் செட்டிங்ஸில் 'டீஃபால்ட் காலண்டர்' என்று ஒன்று இருக்கும். அது சொந்தக் கணக்கைக் காட்டிக்கொண்டிருந்தால், நீங்கள் போடும் மீட்டிங் ஒவ்வொன்றும் அங்கேதான் போகும். இரண்டுமே போய்ச் சேரவில்லை என்றால் லாகின் அல்லது அனுமதிப் பிரச்சினை. புதியவை வருகின்றன, பழையவை மட்டும் காணோம் என்றால் எதுவும் பழுதில்லை: ஐபோனில் எத்தனை காலத்துக்கு முந்தைய நிகழ்வுகளைக் கொண்டுவருவது என்பதற்கு 2 வாரம், 1 மாதம், 3 மாதம், 6 மாதம், எல்லாம் என்று தெரிவுகள் உண்டு. 'எல்லாம்' என்று மாற்றினால் வந்துவிடும்.

லாகின்: பெரும்பாலான சிக்கல் இங்கேதான்

போன் உங்கள் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் சர்வரைத் தட்டுவதில்லை. முதல் முறை நீங்கள் லாகின் செய்ததும் சர்வர் ஒரு டோக்கனைக் கொடுக்கிறது; அதைக் காட்டித்தான் காலண்டர் ஆப் உள்ளே போய்வருகிறது. பாஸ்வேர்டை மாற்றினால் அந்த டோக்கன் செல்லாமல் போகலாம். ஐடி பிரிவு பாதுகாப்புக்காக எல்லா லாகின்களையும் ரத்து செய்தாலும் அப்படித்தான். மைக்ரோசாஃப்ட் 365 கணக்கில், வழக்கமான அமைப்பில், 90 நாள் தொடாமலே விட்டாலும் காலாவதியாகிவிடும். அப்போது ஆப் சத்தமே போடாமல் பழைய தகவலைக் காட்டிக்கொண்டிருக்கும். இதுதான் இதிலுள்ள ஆபத்து: காலண்டர் காலியாக இல்லாததால், அது நின்றுபோனதே தெரியாது. பாஸ்வேர்டு மாற்றிய அன்றே போனின் கணக்குப் பக்கத்தைத் திறந்து, மறுபடி லாகின் கேட்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

மின்னஞ்சல் முகவரியும் லாகின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. நிறுவனம் பெயர் மாறியபின் புது முகவரி கொடுத்திருப்பார்கள், லாகின் மட்டும் பழைய பெயரிலேயே இருக்கும். பாஸ்வேர்டு சரி என்று அடித்துச் சொல்ல முடிந்தும் உள்ளே விடவில்லை என்றால், பிரவுசரில் எந்தப் பெயரில் நுழைகிறீர்கள் என்று ஒருமுறை சரிபாருங்கள்.

கணக்கு பல வருடம் முன்பு சேர்த்ததா? மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபர் 1 முதல், வெறும் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அனுப்பும் பழைய லாகின் முறையை எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் (மைக்ரோசாஃப்ட் 365-இன் மின்னஞ்சல், காலண்டர் சேவை) நிறுத்தத் தொடங்கியது. கூகுளும் அலுவலகக் கணக்குகளில் அதே வழியில் 2025-இல் கதவை மூடியது. பழைய முறையில் சேர்த்த கணக்கில் பாஸ்வேர்டை எத்தனை முறை சரியாக அடித்தாலும் மறுபடி மறுபடி கேட்கும். கணக்கை நீக்கிச் சேர்ப்பது உண்மையிலேயே தேவைப்படும் இடம் இது. ஐபோனில் எக்ஸ்சேஞ்ச் கணக்கைச் சேர்க்கும்போது 'சைன் இன்', 'கன்ஃபிகர் மேனுவலி' என்று இரண்டு வழி கேட்கும். மைக்ரோசாஃப்ட் 365 என்றால் 'சைன் இன்' தான். இரண்டாவது, நிறுவனம் தன் சொந்த சர்வரில் எக்ஸ்சேஞ்ச் நடத்தும்போது பயன்படுவது. அந்த சர்வர் விபிஎன் (நிறுவன நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக மட்டும் திறக்கும் இடங்களும் உண்டு. விபிஎன் இல்லாமல் அங்கே சிங்க் நடக்கவே நடக்காது.

அனுமதி இல்லை என்று சர்வரே சொல்கிறதா?

மைக்ரோசாஃப்ட் லாகின் திரையில் பிழை வந்தால் அதன் அடியில் இருக்கும் எண்ணை விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். 65001 அல்லது 90094 என்றால் அந்த ஆப்புக்கு ஒப்புதல் தரப்படவில்லை. ஐபோனின் காலண்டர், மைக்ரோசாஃப்ட் பக்கம் 'ஆப்பிள் இன்டர்நெட் அக்கவுண்ட்ஸ்' என்ற பெயரில் வரும். அந்தப் பெயரை அட்மின் (நிறுவனக் கணக்குகளை நிர்வகிக்கும் ஐடி ஊழியர்) ஒருமுறை ஒப்புக்கொண்டால் போதும். 50076 என்றால் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு பாக்கி. புது போனுக்கு மாறியபின் அந்தச் சரிபார்ப்புக்கான அத்தென்டிகேட்டர் ஆப்பை அமைக்காதவர்களுக்கு அடிக்கடி வருவது இது. 53000, 53003 இரண்டும் நிறுவனக் கொள்கை: போன் பதிவு செய்யப்படவில்லை, அல்லது நிறுவனத்தின் நிபந்தனைகளுக்குள் இந்த லாகின் வரவில்லை. கூகுள் கணக்கில் இதற்கு இணையாக 400 என்ற எண்ணோடு அட்மின் கொள்கை தடுக்கிறது என்று வரும். இவை எதையும் போன் செட்டிங்ஸில் சரிசெய்ய முடியாது, அங்கே நேரத்தை வீணாக்காதீர்கள்.

எக்ஸ்சேஞ்சில் இன்னொரு சங்கதி. புதிதாக இணையும் போனை அட்மின் பார்க்கும்வரை காத்திருப்பில் போட்டுவைக்கும்படி சில நிறுவனங்கள் அமைத்திருக்கும். அவுட்லுக் இணையதளத்தில் செட்டிங்ஸ், ஜெனரல், மொபைல் டிவைசஸ் என்று போனால் உங்கள் போன் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும். கைவிட்ட பழைய போன்களையும் அங்கேயே நீக்கிவிடலாம்.

போன் பக்கம்

தேதி, நேரம் தானாக அமையும்படி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடிகாரம் தவறாக இருந்தால் பாதுகாப்பு இணைப்பே உருவாகாது.

ஐபோனில் கணக்கின் உள்ளே 'காலண்டர்ஸ்' சுவிட்ச் ஆனில் இருக்க வேண்டும். மின்னஞ்சல் மட்டும் ஆன் செய்து விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கிறது. 'ஃபெட்ச் நியூ டேட்டா'வில் 'ஆட்டோமேட்டிக்' என்று இருந்தால், சார்ஜரும் வைஃபையும் இணைந்திருக்கும்போது மட்டுமே பின்னணியில் தகவல் வரும். வெளியில் அலைபவர்கள் 15 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். லோ பவர் மோடில் அதுவும் நின்றுவிடும். உடனே வேண்டுமென்றால் காலண்டர் பட்டியலைத் திறந்து கீழ்நோக்கி இழுங்கள். கூகுளில் சக ஊழியர் பகிர்ந்த காலண்டர் மட்டும் ஐபோனில் வரவில்லை என்றால், கூகுள் காலண்டரின் 'சிங்க் செலக்ட்' பக்கத்தில் அதை டிக் செய்ய வேண்டும்.

ஆண்ட்ராய்டில் கணக்கின் சிங்க் பட்டியலில் காலண்டர் ஆனில் இருக்கிறதா, காலண்டர் ஆப்பின் செட்டிங்ஸில் அந்தக் குறிப்பிட்ட காலண்டருக்கு சிங்க் ஆனில் இருக்கிறதா என இரண்டு இடம் பார்க்க வேண்டும். 'காலண்டர் ஸ்டோரேஜ்' என்ற சிஸ்டம் ஆப் முடக்கப்பட்டிருந்தால் எதுவும் நடக்காது. அதன் தரவை அழிக்கச் சொல்லும் அறிவுரையைச் சிங்க் ஆகாத நிகழ்வுகளைக் குறித்துவைத்த பிறகே பின்பற்றுங்கள். ஒர்க் புரொஃபைல் (அலுவலக ஆப்களைத் தனியாகப் பிரித்துவைக்கும் பகுதி) உள்ள போனில், பெட்டிச் சின்னம் போட்ட தனி காலண்டர் ஆப்பில்தான் அலுவலக மீட்டிங்குகள் இருக்கும்.

லிங்க் மூலம் சேர்த்த காலண்டர்

இணைப்பு முகவரியை ஒட்டிச் சேர்த்த ஐசிஎஸ் காலண்டர் படிக்க மட்டுமே. அதில் திருத்த முடியாது. மாற்றம் வர கூகுளில் 12 மணி நேரம்வரை ஆகலாம், அவுட்லுக்கில் ஒரு நாளையும் தாண்டலாம். இன்று மதியம் தள்ளிவைத்த மீட்டிங்குக்கு இதை நம்பாதீர்கள், கணக்கையே சேருங்கள்.

நீக்கித்தான் ஆக வேண்டுமென்றால்

பிரவுசரில் இல்லாத நிகழ்வுகளை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கணக்கை நீக்கி, போனை ஒருமுறை அணைத்து ஆன் செய்து, பிறகு சேருங்கள். பல வருட நிகழ்வுகள் இருந்தால் முழுதும் இறங்க நேரம் எடுக்கும். வைஃபையில் விடுங்கள், இடையில் மறுபடி நீக்காதீர்கள்.

அப்போதும் வரவில்லை என்றால் ஐடி பிரிவுக்கு எழுதுங்கள். 'காலண்டர் வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் கேள்விகளிலேயே இரண்டு நாள் போகும். போன் மாடல், இயங்குதளப் பதிப்பு, ஆப்பின் பெயர், பிழை எண், அது வந்த தேதியும் நிமிடமும், சோதனை 1, 2 இரண்டின் முடிவு ஆகியவற்றைச் சேர்த்து எழுதுங்கள். அந்த நிமிடத்தை வைத்து லாகின் பதிவேட்டில் தேடினால், எந்தக் கொள்கை தடுத்தது என்று அவர்களால் நேரடியாகப் பார்க்க முடியும்.