பிஸ்டனும் வால்வும் இடிக்குமா? விளையாட்டுக் களிமண் சொல்லும்
ஸ்மால் பிளாக் எஞ்சினுக்கு (அமெரிக்க V8 வகை) வேறு கம்பெனி சிலிண்டர் ஹெட், அதாவது வால்வுகள் இருக்கும் மேல்மூடி, வாங்கியிருந்தால், போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்குவதற்கு முன் பிஸ்டன் தலையில் வால்வு வரும் இடத்தில் சிறுவர்கள் விளையாடும் களிமண்ணை விரல் தடிமனுக்கு அப்புங்கள். மேலே துளி எண்ணெய் தடவி, பழைய கேஸ்கெட்டை (ஹெட்டுக்கு அடியில் வரும் தகடு) போட்டு ஹெட்டை மாட்டி, கிராங்கை (பிஸ்டனை ஏற்றி இறக்கும் தண்டு) கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள். அப்புறம் கழற்றி, களிமண்ணில் வால்வு பதிந்த இடத்தைப் பிளேடால் வெட்டி, மிக மெல்லிய பகுதியை அளந்து பாருங்கள். இன்டேக் வால்வுக்கு (காற்று உள்ளே வரும் வழி) 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் வால்வுக்கு (புகை வெளியேறும் வழி) 2.5 மில்லிமீட்டர் இருந்தால் பொதுவாகப் போதும். கோலாலம்பூர் வெக்கைக்குக் களிமண் இளகி பிளேடோடு இழுபடும். பிளேடை எண்ணெயில் தொட்டு வெட்டினால் சுத்தமாக வரும்.

புது ஹெட்டில் வால்வு பெரிதாகவோ, சற்று இடம் மாறியோ இருக்கலாம். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். எக்ஸாஸ்ட் வால்வு உச்சிக்குச் சற்று முன்பும், இன்டேக் சற்றுப் பின்பும்தான் பிஸ்டனை மிக நெருங்கும். முழுச் சுற்றில் அந்த நெருக்கம் களிமண்ணில் அப்படியே பதிந்துவிடும். சில ரிங்கிட் செலவில் வால்வு வளைவதையும் பிஸ்டன் உடைவதையும் தவிர்த்துவிடலாம்.

ஹைட்ராலிக் லிஃப்டரோடு (வால்வைத் தள்ளிவிடும், உள்ளே எண்ணெய் நிரம்பும் உருளை) இதை நம்பாதீர்கள். ஸ்பிரிங் அழுத்தத்தில் லிஃப்டர் உள்ளே அமுங்கி, இடைவெளியைக் கூடுதலாகக் காட்டும். சோதனைக்கு மட்டும் அமுங்காத சாலிட் லிஃப்டர் போடுங்கள். பழைய கேஸ்கெட்டின் தடிமன் புதியது அமுங்கிய பின் இருக்கும் அளவுதானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கேமை (வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டு) மாற்றினால் மறுபடியும் அளக்கத்தான் வேண்டும்.